மேட்ச் இல்லாத நாளில் மைதானம்

வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படித்துவிட்டு ஊர் திரும்பும் முன் கையில் கொஞ்சம் நாளும் கொஞ்சம் காசும் மிஞ்சினால் எங்கே போவது? ஜெர்மனியில் என்னோடு இருந்த நம்மூர்ப் பிள்ளைகளுக்கு இதில் குழப்பமே இருக்கவில்லை. பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், சுவிட்சர்லாந்தின் பனிமலை என்று கிளம்பினார்கள். நான் கால்பந்து மைதானங்களைப் பார்க்கப் போனேன், அதுவும் ஜூலை மாதத்தில். புண்டஸ்லிகா ஆட்டங்கள் மே மாதத்தோடு முடிந்து ஆகஸ்டில்தான் மறுபடி தொடங்கும். "மேட்ச் இல்லாத நாள்ல அங்க என்ன இருக்கு? வெறும் நாற்காலிதானே?" என்று அறைத்தோழன் கேட்டான். அந்தக் கேள்விக்கு அன்று சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

டார்ட்மண்ட் மைதானத்தின் தெற்குப் பக்கத்தில் நாற்காலியே கிடையாது. நின்றபடி பார்ப்பதற்கான படிக்கட்டு அது. லீக் ஆட்டங்களின்போது 24,454 பேர் அங்கே நிற்பார்கள். எல்லோரும் மஞ்சள் உடுத்தி வருவதால் அதற்கு மஞ்சள் சுவர் என்று பெயர். காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்து வீட்டில், மற்றவர்கள் தூங்கிய பிறகு டிவியின் சத்தத்தைக் குறைத்துவைத்து அந்தச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். சாம்பியன்ஸ் லீக் ஆட்டம் குளிர்காலத்தில் நம் நேரத்துக்கு இரவு ஒன்றரை மணிக்கு ஆரம்பிக்கும். ஆட்டம் மெதுவாகப் போனால் என் கண் பந்தை விட்டு அந்தப் படிக்கட்டுக்குப் போய்விடும்.

நேரில், காலியாக இருக்கும்போது அந்தப் படிக்கட்டு எத்தனை செங்குத்து என்பது தெரிகிறது. மேல்படியிலிருந்து கீழே பார்த்தால் கால் கூசுகிறது. வரிசை வரிசையாக, பிடித்து நிற்பதற்கான இரும்புக் கம்பிகள். கம்பியின் இரண்டு ஓரங்களிலும் பெயிண்ட் அப்படியே இருக்க, நடுவில் மட்டும் தேய்ந்து இரும்பு பளபளத்தது. எங்கள் வீட்டுத் தறியில் அச்சுப்பலகையை அப்பா இழுத்து அடிக்கும் இடமும் இப்படித்தான் மழமழவென்று தேய்ந்திருக்கும். கூட்டம் நிற்கும் நாளில் போயிருந்தால் இதைப் பார்த்திருக்க முடியாது. என் கையும் அந்தக் கம்பிகளில் ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டிருந்திருக்கும்.

அந்தக் கைகள் யாருடையவை என்று யோசிக்க ஆரம்பித்த பிறகு என் பயணம் வேறு மாதிரி ஆகிவிட்டது. பொருசியா டார்ட்மண்ட் 1909இல் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்த கிளப். நம் அண்ணா காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்தில் பிறந்ததும் அதே ஆண்டுதான். டார்ட்மண்ட் ஊரே இரும்பாலையை நம்பியிருந்தது. ஹோர்டே பகுதியில் இருந்த ஃபீனிக்ஸ் ஆலையை 2001இல் மூடினார்கள். இயந்திரங்களைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கப்பலில் சீனாவுக்கு அனுப்பினார்கள். ஆலை நின்ற இடத்தில் இன்று ஒரு செயற்கை ஏரி இருக்கிறது. கரையெல்லாம் விலை கூடிய வீடுகள், காபிக் கடைகள். அழகான ஏரிதான், ஆனால் அங்கே எனக்கு உட்காரத் தோன்றவில்லை.

அடுத்து கெல்சன்கிர்ச்சனுக்குப் போனேன். ரயிலில் அரை மணி நேரம். டார்ட்மண்டுக்குப் பரம எதிரியான ஷால்கே கிளப்பின் ஊர் அது. நான் மஞ்சள் கட்சி என்பதை அங்கே யாரிடமும் சொல்லவில்லை. ஷால்கே, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் கிளப். வீரர்கள் மைதானத்துக்குள் நுழையும் பாதையைச் சுரங்கத்தின் உட்புறம் போலவே அமைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் கரி வெட்டிய சுவர் மாதிரி கரடுமுரடாக, மங்கலான விளக்குகளோடு. அதில் நடந்து முடித்ததும் பளீரென்று புல் தெரிகிறது. ஷிஃப்ட் முடிந்து மேலே வருபவனுக்கு வெளிச்சம் இப்படித்தான் தெரிந்திருக்கும் என்று எங்களை அழைத்துப்போன பெரியவர் சொன்னார். அவர் இளமையில் சுரங்கத்தில் இறங்கியவர். மகன் என்ன செய்கிறார் என்று கேட்டேன். இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. அடுத்த நிமிடமே சுவரைத் தட்டிக் காட்டி, நிஜக் கரி இதைவிடக் கறுப்பு என்றார் பெருமையாக.

இந்த நிம்மதியையும் பெருமையையும் ஒரே முகத்தில் நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். கோர்வைச் சேலையில் கரையும் உடலும் சேரும் இடத்தை விரலால் தடவி, "இதை மிஷின்ல பண்ணச் சொல்லு பார்க்கலாம்" என்பார் அப்பா. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். இரண்டு பக்கக் கரைக்கும் உடலுக்குமாக மூன்று நாடா ஓடவேண்டும், ஒவ்வொரு ஊடைக்கும் நூலோடு நூலைக் கோத்துக்கொண்டே போகவேண்டும். தனியாளால் ஆகாது, பக்கத்தில் இன்னொருவர் இருந்தாகவேண்டும். பெரும்பாலும் அம்மாதான் உட்காருவார். இவ்வளவு பெருமை பேசுகிறவர் என்னைத் தறிக்குழியில் கால் வைக்க விட்டதில்லை. "நீ படி. இந்தக் குழி என்னோட போகட்டும்." பெருமையும் விலக்கலும் ஒன்றுக்கொன்று முரண் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். அப்படி இல்லை. தன் உழைப்பை மதிக்கிறவன்தான் அதன் வலியையும் சரியாக அளந்துவைத்திருக்கிறான்.

கால்பந்துக்கும் நெசவுக்கும் இன்னொரு பழைய உறவு உண்டு. சனிக்கிழமை மதியத்தோடு ஆலைகளில் வேலையை நிறுத்தவேண்டும் என்று பிரிட்டனில் 1850இல் சட்டம் வந்தது. முதலில் அது துணி ஆலைகளுக்குத்தான் பொருந்தியது. அந்த அரைநாள் விடுப்பில் வளர்ந்த ஆட்டம் இது. சனிக்கிழமை மூன்று மணிக்கு மேட்ச் என்ற இங்கிலாந்து வழக்கம் அதிலிருந்து வந்தது. 1883இல் எஃப்.ஏ. கோப்பையின் இறுதி ஆட்டத்தில் லங்காஷயரைச் சேர்ந்த பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற அணி, ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர்களான கனவான்களின் அணியைத் தோற்கடித்தது. பிளாக்பர்ன் அணியில் ஆடியவர்களில் நெசவாளிகள் இருந்தார்கள். அதே லங்காஷயர் ஆலைத் துணிதான் நம் கைத்தறிகளின் வயிற்றில் அடித்தது என்பதை மறக்கவில்லை. இருந்தாலும் ஆலையை வைத்திருந்தவன் வேறு, அதில் நின்று நெய்தவன் வேறு. அந்தக் கோப்பையை நினைத்தால் எனக்குச் சந்தோஷம்தான். எங்கள் வீட்டுத் தறிக்குச் சனி, ஞாயிறு எதுவும் கிடையாது. அமாவாசைதான் ஓய்வு.

ஜெர்மனியின் கடைசிக் கறுப்பு நிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பர் 21 அன்று பாட்ராப் நகரில் மூடப்பட்டது. அதற்கு இரண்டு நாள் முன்னால் ஷால்கே மைதானத்தில் தொழிலாளர்களுக்கு நன்றி சொல்லி வழியனுப்பினார்கள். சுரங்கத்தொழிலாளர்களின் பழைய பாட்டு ஒன்றை அங்கே ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் கூட்டம் முழுக்க எழுந்து பாடுகிறது. சுரங்கம் போய்விட்டது, பாட்டு இருக்கிறது. இதை அப்பாவிடம் போனில் உருகிச் சொன்னேன். பின்னால் தறிச் சத்தம் நின்றது. "பாட்டு இருக்கட்டும். வேலை போனவங்களுக்கு என்ன குடுத்தாங்க?" என்றார்.

விவரம் தேடிப் படித்தேன். சுரங்கங்களை 2018இல் மூடுவது என்று 2007லேயே முடிவு செய்துவிட்டார்கள். இடையில் இருந்த 11 ஆண்டுகளில் யாரையும் தெருவில் நிறுத்தாமல், வயதானவர்களுக்கு முன்கூட்டியே ஓய்வூதியம், இளையவர்களுக்கு வேறு வேலை என்று படிப்படியாகக் குறைத்தார்கள். தானாகக் கனிந்த கருணை இல்லை இது. மானிய வெட்டு வருகிறது என்றதும் 1997 பிப்ரவரி 14 அன்று 2,20,000 பேர் கைகோத்து 93 கிலோமீட்டர் நீளத்துக்கு மனிதச் சங்கிலியாக நின்ற வட்டாரம் அது.

அந்த எண்ணைப் படித்தபோதுதான் காலிப் படிக்கட்டில் நான் பார்த்தது என்னவென்று பிடிபட்டது. தோளோடு தோள் உரச நிற்பது அவர்களுக்குப் பழகிப்போன காரியம். அதற்கென்று ஓர் இடம் வைத்திருந்தார்கள். அங்கே மட்டுமில்லை. கிழக்கு பெர்லினில் யூனியன் கிளப்பின் மைதானம் இடிந்துகிடந்தபோது, கட்டப் பணம் இல்லாமல், 2008-09இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள் 1,40,000 மணி நேரம் கூலி வாங்காமல் உழைத்து அதைக் கட்டி எழுப்பினார்கள். நிற்கும் இடம் இல்லாமல் போனால் வேறு என்னவெல்லாம் போகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். பெர்லினுக்கும் போய் அந்தப் படிகளில் நெடுநேரம் நின்றிருந்தேன். சிமெண்ட் பூச்சு சில இடங்களில் கோணல்மாணலாக இருந்தது. எனக்கு அது பிடித்தது.

காஞ்சிபுரத்தில் தறி போவதற்குத் தேதி குறிப்பவர் யாரும் இல்லை. ஒரு வீட்டில் பிள்ளை ஒரகடத்துத் தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறான். அடுத்த பாவு வாங்குவதில்லை என்று அவன் அப்பா முடிவு செய்கிறார். ஒரு நாள் குழியை மூடித் தரை போட்டு அறையை வாடகைக்கு விடுகிறார்கள். பக்கத்து வீட்டுக்கே மெதுவாகத்தான் தெரியவருகிறது. 2005இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு வந்தது. கைத்தறிக்கு ரகங்களை ஒதுக்கும் சட்டம் 1985இலிருந்தே இருக்கிறது. கூட்டுறவுச் சங்கங்களும் இருக்கின்றன. ஆனால் நெசவு வீட்டுக்குள் நடக்கும் தொழில். அவரவர் குழி, அவரவர் பாவு, அவரவர் கூலிக் கணக்கு. கூலி குறைந்தாலும் அவரவர் வீட்டுக்குள்ளேதான் புழுங்கிக்கொள்கிறார்கள். ஊர் முழுக்கக் கூடுவது வைகாசியில் கருட சேவை பார்க்க. அப்போது எல்லோரும் கைகூப்பி நிற்கிறோம். நெசவுக்காரர்கள் என்று நிற்பதில்லை.

ஊருக்கு வந்த பிறகு படங்களையெல்லாம் அப்பாவுக்குக் காட்டினேன். சுரங்கப் பாதையைவிட அந்த மனிதச் சங்கிலியின் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைத்தான் போனைக் கையில் வாங்கி, பெரிதாக்கி, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நம் தெருவில் கூலி பேச எல்லோரும் கடைசியாக ஒன்றாகக் கூடியது எப்போது என்று கேட்டேன். அம்மாவைப் பார்த்தார். அக்கா பிறப்பதற்கு முன்பா, பிறகா என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். பிடிபடவில்லை. வருகிற அமாவாசைக்குத் தறி ஓய்வுதானே, எதிர்வீட்டுத் தாத்தாவிடம் போய்க் கேட்டு வரலாம், நீயும் கூட வா என்றார்.