வழி தவறிய கழுகு

2021 டிசம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், டோன்டன் ஆற்றங்கரையில் தொலைநோக்கியோடு ஆட்கள் குளிரில் நின்றார்கள். வந்திருந்தது ஒரு ஸ்டெல்லர் கடற்கழுகு. ரஷ்யாவின் கம்சட்கா பக்கம் கூடு கட்டி, குளிர்காலத்தில் ஜப்பானின் ஹொக்கைடோ வரை இறங்கும் இனம். இறக்கை விரித்தால் இரண்டு மீட்டருக்கு மேல். உலகத்தில் மிச்சம் சில ஆயிரம்தான்.

கோலாலம்பூரில், வேலை நேரத்தில் (மேலாளருக்குத் தெரியாமல்தான்) அந்தப் படங்களைப் பார்த்தேன். புல்லரித்தது. பிறகுதான் உறுத்தியது. 2020-இல் அலாஸ்காவில் தென்பட்டதும் இதே பறவைதான் என்று இறக்கையின் வெள்ளைத் திட்டுகளை வைத்துச் சொல்கிறார்கள். அத்தனை தூரத்திலும் அதுக்கு ஒரு துணை கிடையாது. கம்சட்காவில் இருந்திருந்தால் பத்தோடு பதினொன்று. அப்படின்னா நமக்குப் பிடித்தது கழுகா, அது தொலைந்து போனதா?

பறவை பார்க்கும் நண்பனிடம் கேட்டேன். "நான் பார்க்கலேன்னா மட்டும் அதுக்கு வழி தெரிஞ்சிடுமா?" என்றான். நியாயம்தான். தள்ளி நின்று பார்ப்பதில் அதற்கொரு நஷ்டமும் இல்லை. ஆனால் நாளைக்கும் அங்கேயே இருக்கணும் என்று நினைத்துக்கொண்டுதானே படுத்தேன்? அது என்ன மாதிரியான வேண்டுதல்?

மாதக் கடைசியில் மேன் மாநிலக் கடற்கரையில் அதைப் பார்த்தார்களாம். எனக்கு முதலில் வந்தது நிம்மதி. இன்னும் ஊர் திரும்பவில்லை என்கிற நிம்மதி.