காணாமை குற்றமாகுமா?

"நான் பார்க்கவில்லை" என்பது மனிதன் தன் பிழைக்குச் சொல்லும் சமாதானங்களுள் மிகப் பழமையானது. வகுப்பறையில் சிறுவன் சொல்கின்றான். நெடுஞ்சாலையில் வண்டியோட்டி சொல்கின்றான். உயர்ந்த பதவியில் அமர்ந்தவரும் சொல்கின்றார். பார்க்காதவனைப் பழித்தல் முறையன்று என்னும் எண்ணமும் நம் எல்லாரிடத்தும் உண்டு. பார்வையற்றவர் ஒருவர் நம்மீது மோதிவிட்டால் நாம் இரங்குவோமே அன்றிச் சினவோம். ஆயினும், காணாமை எல்லாம் ஒரே தன்மையதுதானா? கண்ணும் இருந்து, காண வேண்டிய கடமையும் இருந்து, காணாமற்போனவனை என்னென்பது? இவ்வினாவுக்கு விடை தேட, நம் நாட்டு வெயிலுக்குச் சிறிதும் உறவில்லாத ஒரு சிறு பொருளைத் துணைக்கொள்ளலாம் எனக் கருதுகின்றேன். பனிவெளியில் ஊர்தி செலுத்துவோரின் காப்புக் கண்ணாடியில் படியும் ஆவிப்படலமே அப்பொருள்.

கனடா, அலாஸ்கா, பின்லாந்து முதலிய வடபுலங்களில் குளிர்காலம் வந்துவிட்டால் பல இடங்களில் சாலை என்பது பெயரளவுக்கே இருக்கும். அங்கே மக்கள் 'ஸ்னோமொபைல்' எனப்படும் பனியூர்தியில் செல்வர். முன்புறம் இரண்டு சறுக்குக் கட்டைகள். பின்புறம் பொறியால் சுழலும் அகன்ற பட்டை. மோட்டார் சைக்கிளில் அமர்வது போன்ற இருக்கை. இவ்வூர்தியின் வரலாற்றில் முதலிடம் பெறுபவர் கனடாவின் குவிபெக் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசப் அர்மாண்டு பொம்பார்டியர். பதினைந்து வயதிலேயே பனியில் ஓடும் வண்டி ஒன்றைச் செய்து பார்த்தவர் அவர். 1934ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் கடும் நோயுற்றான். சாலைகளைப் பனி மூடியிருந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வழியின்றிக் குழந்தை இறந்தது. அதன்பின் அவர் தம் முயற்சியைத் தளரவிடவில்லை. 1937இல் எழுவர் அமர்ந்து செல்லும் பனியூர்தியையும், 1959இல் ஓரிருவர் செல்லத்தக்க சிறிய ஊர்தியையும் உலகுக்குத் தந்தார். உரிய நேரத்தில் ஓர் உயிரிடம் சென்று சேர்தல் என்பதே அவ்வேகத்தின் தொடக்க நோக்கம் என்பதை நாம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

வெட்டவெளியில் வேகமாகச் செல்வோர்க்குக் காப்புக் கண்ணாடி இன்றியமையாதது. குளிர்காற்றும் சிதறும் பனித்துகளும் கண்ணைத் தாக்கும். ஆனால் கண்ணைக் காக்க வந்த அக்கண்ணாடியே சில வேளைகளில் கண்ணை மறைத்துவிடுகின்றது. அதன் காரணத்தை நாமும் எளிதில் உணரலாம். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்ததும் நம் மூக்குக் கண்ணாடி வெளுத்துப் போகின்றதன்றோ? குளிர்ந்த கண்ணாடியை ஈரக்காற்று தொட்டதும் அக்காற்றிலுள்ள நீராவி நுண்துளிகளாகப் படிகின்றது. அத்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் எதிரே உள்ளது தெரியாமற்போகின்றது. நம் நாட்டில் அந்த ஈரம் வெளியிலிருந்து வருகின்றது. பனிவெளியிலோ நிலைமை தலைகீழானது. சுழியத்திற்குக் கீழ் 20 பாகை செல்சியசில் ஒரு கன மீட்டர்க் காற்று ஏறத்தாழ ஒரு கிராம் நீராவியையே தாங்கும். மனிதன் வெளிவிடும் மூச்சோ அதே அளவுக் காற்றில் முப்பது கிராமுக்கு மேல் நீராவியைச் சுமந்து வருகின்றது. எனவே ஓட்டுநரின் கண்ணை மறைக்கும் அந்த ஈரம் அவருடைய மூச்சிலிருந்தும் வியர்வையிலிருந்தும் வருவதே. கடுங்குளிரில் அது உறைந்து வெண்படலமாகவும் ஆகிவிடும்.

இவ்வுண்மையை இன்னும் கூர்மையாகக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று வானவெளியில் நடந்தது. 1966ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் யூஜின் செர்னன் என்னும் அமெரிக்க விண்வெளி வீரர் ஜெமினி 9ஏ கலத்திலிருந்து வெளியே வந்தார். வெளியில் இரண்டு மணி நேரத்திற்கும் சற்று அதிகமாக இருந்தார். பிடித்துக்கொள்ளப் போதிய பிடிகள் இல்லாமையால் ஒவ்வோர் அசைவுக்கும் பெரிதும் உழைக்க நேர்ந்தது. உடல் வெப்பமுற்றது, மூச்சு மிகுந்தது, முகக்கவசக் கண்ணாடி முழுதும் ஆவி படர்ந்தது. மூக்கின் நுனியால் தேய்த்துச் சிறு இடைவெளி உண்டாக்கி அதன் வழியே பார்க்க வேண்டியதாயிற்று. வெளியே மேகமில்லை, மூடுபனியில்லை, காற்றுமில்லை. அவரை மறைத்தது அவருடைய மூச்சு ஒன்றே. அந்நிலையில் அவரும் கலத்தலைவர் தாமஸ் ஸ்டாபோர்டும் செய்தது போற்றத்தக்கது. புதிதாக ஆக்கப்பட்ட பறக்கும் கருவி ஒன்றை அணிந்து சோதிப்பதே அன்றைய பணியின் சிறப்பான நோக்கமாக இருந்தும், அதனைக் கைவிட்டுக் கலத்திற்குள் திரும்புவதென முடிவு செய்தனர். பின்னர் வந்த பயணங்களில், வெளியே செல்லுமுன் கண்ணாடியில் ஆவி படியாமைக்கு ஒரு கரைசலைப் பூசினர். அவ்வாண்டு நவம்பரில் ஜெமினி 12இல் சென்ற பஸ் ஆல்டிரின் நீருக்கடியில் பயிற்சி பெற்று, கைப்பிடி கால்பிடிகளின் துணையோடும் இடையிடையே ஓய்வோடும் அத்தகைய பணியைச் செவ்வனே முடித்தார்.

இனி, பனியூர்தியிற் பழகியோர் கைக்கொள்ளும் முறைகளைக் காண்போம். முதலாவதாக, மூச்சைக் கண்ணாடியின் பக்கம் வரவிடாமல் திருப்புவர். தலைக்கவசத்தினுள் மூக்கையும் வாயையும் தழுவி நிற்கும் தடுப்பு ஒன்று இதற்கு உதவும். முகத்தை மூடும் துணியைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் செருகினால், அதுவே மூச்சை மேலே ஏற்றும் குழாயாகிவிடும். ஆதலால் அதனைச் சட்டத்துக்கு வெளியே விடுவர். இரண்டாவதாக, சட்டத்தைச் சுற்றியுள்ள காற்றுத் துளைகளில் பனி அடைத்துக்கொள்ளாமற் பார்த்துக்கொள்வர். மூன்றாவதாக, இரட்டை வில்லை கொண்ட கண்ணாடியை அணிவர். 1960களில் பாப் ஸ்மித் என்னும் அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர், பனிச்சறுக்கில் தமக்கிருந்த ஆர்வத்தால், இரு வில்லைகளுக்கிடையே காற்றை அடைத்துக் காற்றுப்புகும் பஞ்சு விளிம்போடு கண்ணாடி செய்தார். உள்வில்லை மிகக் குளிராமல் இருப்பதால் அதில் ஆவி படிவது குறைந்தது. பிற்காலத்தில் ஊர்தியின் மின்சாரத்தால் வெப்பமூட்டப்படும் கண்ணாடிகளும் வந்தன. நான்காவதாக, வியர்க்காத அளவுக்கே உடுத்துவர். நிற்கும்போது கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றி வைக்கமாட்டார். நெற்றியின் வெப்பமும் வியர்வையும் அதற்குப் பகை. உள்வில்லை நனைந்துவிட்டால் அழுத்தித் துடைக்கவும் மாட்டார். துடைத்தால் மேற்பூச்சு அழியும், ஈரமும் பரவி உறையும். அதற்காகவே உலர்ந்த மாற்றுக் கண்ணாடி ஒன்றை உட்பையில் வைத்திருப்பர்.

இவை யாவும் புறப்படுமுன் எண்ண வேண்டியவை என்பதை நோக்குக. அறத்தின் சிக்கல் எழுவது, இவ்வளவும் செய்தும் செய்யாமலும் வழியில் ஆவி படரும் அந்த நேரத்திலேதான். வேகமாகச் சென்றால் காற்றோட்டம் மிகும். காற்றோட்டம் மிகுந்தால் ஆவி கலையும். இஃது உண்மையே. ஆகவே, கண் மங்கிய அவ்வேளையில் ஓட்டுநரின் உள்ளம், "இன்னும் சற்று விரைந்து செல், தானே தெளிந்துவிடும்" என்று தூண்டுகின்றது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 25 மீட்டர். இரண்டு நொடி மங்கலில் 50 மீட்டர் பாதை கண்ணிற் படாமலே கடந்துபோகும். அந்த 50 மீட்டரில் ஒரு மரம் இருக்கலாம். உறைந்த ஏரியின் மெல்லிய பகுதி இருக்கலாம். எதிரே ஒரு மனிதர் நிற்கலாம். தெளிவு வருமென நம்பித் தெளிவின்றி விரைவது, வாழ்க்கையின் எத்தனையோ துறைகளில் நாம் காணும் மயக்கமன்றோ?

இவ்வகைக் காணாமையைப் பற்றி அறிஞர் ஆராய்ந்துள்ளனர். அரிஸ்டாட்டில் தம் அறநூலின் மூன்றாம் பகுதியில், குடிமயக்கத்தில் குற்றம் செய்தவனுக்கு இரட்டைத் தண்டனை விதித்த சட்டத்தை எடுத்துக்காட்டுகின்றார். மயக்கத்தில் அவன் தான் செய்வதை அறியான் என்பது மெய்யே. ஆனால் அம்மயக்கத்தின் தோற்றுவாய் அவனே; மயங்காதிருத்தல் அவன் கையில் இருந்தது. ஆகவே அறியாமை அவனைக் காக்காது என்பது அவர் முடிபு. 1877இல் ஆங்கிலக் கணித அறிஞர் வில்லியம் கிளிபோர்டு எழுதிய கட்டுரையில் கப்பல் முதலாளி ஒருவன் வருகின்றான். கப்பல் பழையது, செப்பனிட வேண்டும். அவனுக்கும் ஐயம் எழுகின்றது. ஆயின், "எத்தனையோ புயலைக் கண்டு மீண்ட கப்பல் இது" என்று தன் ஐயத்தைத் தானே அடக்கி, முழு நம்பிக்கையோடு பயணிகளை அனுப்புகின்றான். கப்பல் மூழ்குகின்றது. அவன் நம்பிக்கை உண்மையானதாயினும் அவன் குற்றவாளியே என்கின்றார் கிளிபோர்டு. கப்பல் நலமாகக் கரை சேர்ந்திருந்தாலும் அவன் குற்றம் குறையாது என்றும் கூறுகின்றார். மங்கிய கண்ணாடியோடு விரைந்து, ஒருவர்மீதும் மோதாமல் வீடு சேர்ந்தவர் தம்மைத் திறமையாளர் என்று எண்ணுவாராயின், இக்கருத்தை எண்ணிப் பார்த்தல் நலம். அவரைக் காத்தது எதிரே எவரும் வாராமை ஒன்றே.

நம் வள்ளுவரும் பொச்சாவாமை என ஓர் அதிகாரமே வகுத்தார். களிப்பின் மிகுதியில் தன் கடமையை மறக்கும் சோர்வை அவர் அங்கே கடிகின்றார். பனியில் பறப்பது போன்ற வேகக் களிப்புக்கும் அது பொருந்தும்.

இதற்கு மறுப்புரைகளும் உள. "மூச்சு விடுதல் இயற்கை, அதனால் வந்த மறைப்புக்கு மனிதனை எவ்வாறு பழிப்பது?" என்பது முதல் மறுப்பு. மூச்சுக்காக எவரையும் பழிக்கவில்லை; ஆவி முதன்முதலில் படிந்ததற்காகவும் பழிக்கவில்லை. படிந்ததை அறிந்த பின்னும் நிறுத்தாமையே பழிக்குரியது. "பழகாதவன் இவற்றை அறியானே" என்பது இரண்டாம் மறுப்பு. நேர்மையான மறுப்பே இது. அவ்விடத்தில் பொறுப்பின் பெரும்பகுதி, கற்பிக்காமல் ஊர்தியைக் கையில் கொடுத்தவரைச் சாரும். "உயிர் காக்க விரைபவன் நின்று கண்ணாடி மாற்றிக்கொண்டிருக்க முடியுமா?" என்பது மூன்றாம் மறுப்பு. மூன்றினுள் வலிமை மிக்கது இதுவே. மகனை இழந்த தந்தையின் துயர் தோய்ந்த ஊர்தியை முன்வைத்து இதனைக் கேட்பார்க்கு எளிதாக விடை கூற முடியாது. எனினும், விரைவின் பயன் சென்று சேர்தல். நோயாளியிடம் சேராத மருத்துவரின் வேகத்தால் நோயாளிக்கு என்ன பயன்? உயிர் காக்கச் செல்பவருக்கு நிற்கும் கடமை பிறரைவிடக் கூடுமே அன்றிக் குறையாது.

வடபுலத்துப் பழங்குடியினரான இனுயிட் மக்கள், கண்ணாடி அறியாத காலத்திலேயே மரத்தாலும் எலும்பாலும் வால்ரஸ் தந்தத்தாலும் கண்காப்புச் செய்து அணிந்தனர். அதில் நீண்ட மெல்லிய பிளவு மட்டுமே உண்டு, வில்லை இல்லை. பனியில் பட்டுத் தெறிக்கும் கதிரொளியிலிருந்து கண்ணைக் காப்பது அதன் நோக்கம். வில்லையே இல்லாமையால் வில்லையில் ஆவி படியும் தொல்லையும் அதற்கு இல்லை. அதன் வழியே தெரியும் பரப்பு குறுகியது, ஆனால் தெளிவானது. நாய்கள் இழுக்கும் வண்டிக்கும் கால்நடைக்கும் அது போதுமானதாயிற்று. அகன்ற காட்சியையும் மிகுந்த வேகத்தையும் விரும்பியவர்க்கு, அவற்றோடு ஒரு புதிய கடமையும் வந்து சேர்ந்தது. வேகம் வளர வளர, காணவேண்டிய கடமையும் வளர்கின்றது.

ஆசிரியத் தொழிலில் இருப்போர்க்கு இது வெறும் உவமையன்று. ஒரு மாணவன் கடைசி வரிசையில் அமர்ந்து எதனையும் எழுதாதிருக்கின்றான். "மந்தமானவன்" என முதல் மாதத்திலேயே ஒரு முடிவு பிறக்கின்றது. அவனுக்குக் கரும்பலகை தெரியவில்லை என்பது ஆண்டிறுதியில் கண் மருத்துவர் சொல்லித்தான் தெரிய வருகின்றது. "நான் கவனிக்கவில்லை" என்னும் சொல் அப்போது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கவனிக்கவிடாது மறைத்தது எது? பாடத்திட்டத்தை முடிக்கும் விரைவும், நம் சினமும், நம் அனுபவத்தின்மீது நாம் கொண்ட பெருமிதமுமே. இவை நம் உள்ளத்தின் மூச்சுகள். மூச்சின்றி வாழ இயலாதது போல் இவையின்றி வாழ்வதும் அரிது. ஆயினும் அம்மூச்சு கண்ணிற் படியாதவாறு திருப்பலாம்; பிறர் கருத்து என்னும் குளிர்காற்று உள்ளே வரத் துளைகளைத் திறந்து வைக்கலாம்; மங்கியது என உணர்ந்தவுடன் முடிவு கூறாமல் நிற்கலாம்.

ஆகவே, காணாமை குற்றமாகுமா என்னும் வினாவுக்கு நான் கூறும் விடை இது. காண இயலாமை குற்றமன்று. காண முடியவில்லை என்று தெரிந்தும் தொடர்ந்து செல்லுதல் குற்றம். விளைவு நன்றாய் முடியினும் அது குற்றமே. மாணவர்கட்கு விரைந்து விடையளிக்கப் பயிற்றுகின்றோம். தமக்குத் தெளிவாகத் தெரியாதபோது நின்று, "எனக்குத் தெரியவில்லை, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று கூறவும் அவர்களைப் பயிற்றுவோமாக.