உறைக்குள் என்ன இருக்கிறது?

உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒன்று இருக்கும், இழுப்பறையைத் திறந்து பாருங்கள். 2003-ல் வந்து உலகமெங்கும் 25 கோடிக்கு மேல் விற்ற நோக்கியா 1100, டார்ச் லைட்டோடு. அப்பா வைத்திருந்தது. இப்போது யாருக்கும் உபயோகமில்லை. ஆனாலும் தூக்கிப் போட மனசு வராது. கீறல் விழாமல் ஓர் உறையாவது போட்டு வைப்போம் என்று ரிச்சி தெருவில் போய்க் கேட்டால், ‘அந்த மாடலுக்கெல்லாம் இப்ப வர்றதில்ல சார்’ என்பார்கள்.

கடைக்காரர் கேட்காத கேள்வியை நான் கேட்கிறேன். நீங்கள் பாதுகாக்க நினைப்பது டப்பாவையா, அதற்குள் இருப்பதையா?

இது நமக்குப் புதிய கேள்வி இல்லை. கையில் ஏந்தி, கூரான குச்சியால் எழுதும் கருவி நம்மிடம் எப்போதோ இருந்தது. பனை ஓலை! அதற்கு உறையும் இருந்தது. மேலும் கீழும் மரச்சட்டம், துளை வழியே கயிறு, கயிற்று நுனியில் கிளிமூக்கு, எல்லாவற்றையும் சுற்றி ஒரு துணி. அச்சு இயந்திரம் வந்ததும் ஓலை ‘பழைய மாடல்’ ஆகிவிட்டது.

1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், அடுத்துப் பத்துப்பாட்டு ஏடுகளைத் தேடி தாமிரபரணிக் கரை ஆழ்வார்திருநகரிக்குப் போனார். அங்கே கவிராயர்கள் வீடுகளில் கட்டுக்கட்டாகச் சுவடிகள். லட்சுமண கவிராயர் மூலம் அவருக்குப் பத்துப்பாட்டு ஏடு கிடைத்தது. 1889-ல் புத்தகமாக வந்துவிட்டது. அதே நெல்லைச் சீமையில், கரிவலம்வந்தநல்லூர் கோயிலில் ஏடு கேட்டபோது அவருக்குக் கிடைத்த பதில் வேறு. பழுதுபட்ட சுவடிகளை சாஸ்திரப்படி நெய்யில் தோய்த்து அக்னியில் சேர்த்துவிட்டார்களாம்! இரண்டையும் அவரே ‘என் சரித்திரம்’ நூலில் எழுதியிருக்கிறார்.

கவனியுங்கள். எரித்தவர்கள் ஏட்டை அவமதிக்கவில்லை. மரியாதையோடுதான் எரித்தார்கள். ஆனால் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தார்களா? அதுதான் இல்லை. வெறும் மரியாதை, பொருளைக் கும்பிடுவதோடு நின்றுவிடும்.

‘அப்படியானால் உறையே வீணா?’ என்று கேட்பீர்கள். இல்லை. பழசு என்று ஒதுக்காமல் கட்டி வைத்த குடும்பங்கள் இல்லாவிட்டால் ஐயர் வெறுங்கையோடு திரும்பியிருப்பார். நமக்குப் புரியாததையும் நாளை ஒருவர் புரிந்துகொள்வார் என்று காத்து வைப்பது பெரிய தர்மம். ஆனால் உறை தருவது கொஞ்சம் அவகாசம் மட்டுமே. சட்டத்துக்குள் இருந்தாலும் ஓலையைப் பூச்சி அரிக்கும். ஐயர் கையில் கிடைத்தது சங்க காலத்து ஓலை அல்ல. பிரதியின் பிரதியின் பிரதி. யாரோ ஒருவர், ஓலை உளுத்துப்போகுமுன் விளக்கடியில் உட்கார்ந்து எழுத்தெழுத்தாக மாற்றி எழுதினார். அவருக்குப் பின் இன்னொருவர். சுமார் இரண்டாயிரம் வருஷம் கடந்து வந்த பாட்டு, மரச்சட்டத்தை மட்டும் நம்பி வரவில்லை.

இப்போது அந்த நோக்கியாவுக்கு வருவோம். உறை கீறலைத்தான் தடுக்கும். உள்ளே பேட்டரி உப்பலாம். வருஷக்கணக்கில் மின்சாரம் காணாத சில்லில் பதிந்திருப்பது மெல்ல அழியலாம். அப்பா அனுப்பாமல் விட்ட எஸ்.எம்.எஸ்., சேமித்து வைத்த பெயர்கள், யாருக்கு என்ன செல்லப்பெயர் வைத்திருந்தார் என்பது, எல்லாம் அதோடு போய்விடும்.

இதெல்லாம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். பிறகு ஏன் திறப்பதில்லை? திறந்தால் வலிக்கும். உறை போட்டு மூடினால் கடமையும் முடிந்தது, கண்ணீரும் மிச்சம். நம்முடைய பல மரியாதைகள் இப்படித்தான். படத்துக்கு மாலை போடுகிறோம். அவர் எழுதிய டைரியைப் பிரிப்பதில்லை.

உறை கிடைக்காவிட்டால் பரவாயில்லை. பழைய வேட்டியில் ஒரு சின்னப் பை தைத்துக்கொள்ளலாம். அதற்கு முன் பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பியிருந்தால் மாற்றிவிட்டு, சார்ஜரைத் தேடுங்கள். உயிர் வந்தால், உள்ளே இருப்பதை ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் பிள்ளைகளை உட்காரவைத்து யார் யார் என்று சொல்லுங்கள்.

அப்புறம் பையில் போட்டுக் கட்டிவையுங்கள்.