களவாளிக்காக யார் போவது?

களவுச் சந்தேகத்தில் பிடிபட்டவனைப் பொலிசார் அடிப்பது குற்றமா? மேடையில் கேட்டால் "ஆம்" என்றே ஒருமித்த விடை வரும். வீட்டு முற்றத்தில் கேட்டாலோ விடை வேறு. தாலிக்கொடி களவுபோன வீட்டார், "நல்லாய் நாலு போட்டுக் கேளுங்கோ, உண்மை வரும்" என்று பொலிஸ் நிலையத்தில் சொல்லிவிட்டு வருவது நம் நாட்டில் புதுமையன்று. படித்தவரும் சொல்வர், பொதுவுடைமை பேசுவோரும் சொல்வதுண்டு. ஆகவே பொலிசாரின் கொடுமையை ஆராயப் புகுமுன் இந்த முற்றத்து விடையை நாம் ஆராய்ந்தாக வேண்டும்.

2016 ஒக்ரோபர் 20ஆம் நாள் இரவு, கொக்குவில் குளப்பிட்டிச் சந்தியருகே யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் இருவர் மாண்டனர். வீதி விபத்து என்றுதான் முதலிற் சொல்லப்பட்டது. துப்பாக்கிச் சூடு வெளிப்பட்ட பின்னர் பொலிசார் ஐவர் கைதாயினர். வடமாகாணம் கொதித்தெழுந்தது. 2023 நவம்பரிலோ, களவுச் சந்தேகத்தில் வட்டுக்கோட்டைப் பொலிசாராற் பிடிக்கப்பட்ட சித்தங்கேணி இளைஞர் ஒருவர் காவலில் இருக்கையில் உயிரிழந்தார். தாம் பட்ட சித்திரவதையை அவர் தம் வாயாலேயே சொன்ன காணொளியைப் பலரும் கண்டனர். அது மனிதக் கொலையே என்று நீதவான் முடிவு செய்தார். மாணவர் மரணத்தில், "அவர்கள் என்ன செய்தார்கள்?" என்று கேட்க எவருக்கும் தோன்றாது. களவு என்ற சொல் ஒட்டிக்கொண்ட மரணத்திலோ, "என்ன களவாம்?" என்ற கேள்வி இரக்கத்தையும் முந்திக்கொள்ளும். பொலிசாரின் தடிக்கு நாம் கொடுக்கும் அனுமதிச் சீட்டு இச்சிறு கேள்விதான்.

சட்டம் நம் முற்றத்தைவிட முன்னேறியது என்று சொல்ல நேர்வது வெட்கக்கேடு. பொலிசாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைச் சான்றாகக் கொள்ளலாகாது என்று 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் விதித்தது. ஆங்கிலேயன் நம்மீது கொண்ட அன்பினால் எழுதியதன்று இது. தன் பொலிசாரை அவன் அறிந்திருந்தான். 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் இந்த வேலியில் பெரும் பொட்டு வைத்தது. உயர் பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் சான்றாயிற்று. ஆயினும் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை சித்திரவதையை முற்றாகத் தடுக்கிறது. போருக்கோ அவசரகாலத்துக்கோ அதில் விலக்கில்லை, கள்வனுக்கும் விலக்கில்லை. 1994ஆம் ஆண்டுச் சட்டம் சித்திரவதைக்கு 7 முதல் 10 ஆண்டு வரை சிறை என்கிறது.

தீவகத்துச் சுருவிலில் ஒரு கடற்றொழிலாளியை எண்ணிப் பார்ப்போம். படகு இயந்திரம் ஒன்று களவுபோகிறது. அவரைக் கொண்டுபோய் அடித்துவிட்டு விடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அடித்தவர் இருக்கும் நிலையத்திலேயே போய் முறைப்பாடு எழுதுவதா? தாம் வாசிக்க அறியாத சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்திற் கையெழுத்து வைப்பதா? அடிப்படை உரிமை மனுவை ஏற்கும் உயர் நீதிமன்றம் கொழும்பில் இருக்கிறது. அதற்கும் ஒரு மாதமே தவணை. நாளுக்கு நாள் கடலுக்குப் போனால்தான் அடுப்பெரியும் வீட்டுக்கு ஒரு மாதம் என்பது ஒரு கண்ணிமைப்பு.

எனினும் வழி இல்லாமலில்லை. அம்மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அவ்விசாரணை நடக்கும் காலம் தவணைக் கணக்கிற் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது. ஆணைக்குழுவின் அலுவலகம் யாழ்ப்பாணத்திலேயே உண்டு. தழும்பு ஆறுமுன் வைத்தியசாலைக்குப் போய், யார் அடித்தது என்று சொல்லிப் பதிவித்துக்கொள்ளவும் வேண்டும். இவற்றை அவருக்கு எடுத்துச் சொல்பவர் யார்? உடன் செல்பவர் யார்? ஊரில் எழுத்தறிந்தவர் என்று பெயரெடுத்த ஆசிரியருக்கும், விடுமுறைக்கு வீடு வந்த மாணவருக்கும் இதைவிட அவசரமான வேலை என்ன இருக்கிறது?

அவர் அந்த இயந்திரத்தை உண்மையாகவே எடுத்திருந்தால்? அப்பொழுதும் ஆசிரியர் உடன் போகத்தான் வேண்டும். களவை ஊர்காவற்றுறை நீதவான் விசாரிக்கட்டும். அடித்தவர் யார் என்பது வேறு வழக்கு. அதற்குச் சாட்சி வேண்டும்.