இழவுக்கு இடமில்லாத வீடு

சென்னைக்குத் தெற்கே பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், மடிப்பாக்கம் என்று விரிந்துகொண்டே போகும் புறநகர்ப் பகுதிகளில் குடித்தனத்துக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு, வாடகை, அட்வான்ஸ், தண்ணீர், கரண்ட் கணக்கு ஆகிய பேச்செல்லாம் ஒருவாறு முடிந்தபின் வீட்டுக்காரர் சற்றே குரலைத் தாழ்த்திக் கேட்கும் ஒரு கேள்வி நன்கு பழக்கமாயிருக்கும்: "வயசானவங்க யாராவது படுத்த படுக்கையா இருக்காங்களா?" அதன் உட்பொருள் இரு தரப்பாருக்கும் தெரியும். இந்த வீட்டில் பண்டிகை கொண்டாடலாம், வளைகாப்பு நடத்தலாம், தொட்டில் கட்டலாம். ஆனால் சாவு மட்டும் நேரக் கூடாது, வேறிடத்தில் நேர்ந்தாலும் உடலை இங்கே கொண்டுவரக் கூடாது. வாடகைப் பத்திரத்தில் எழுதப்படாததாயினும் எழுதப்பட்ட ஷரத்துக்கள் அனைத்தையும்விட வலுவாக நிற்கும் இந்த நிபந்தனைக்கு தர்மத்தின் சம்மதம் உண்டா என்பதை நாம் நிதானமாக ஆராய வேண்டும்.

குரோம்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் நெடுங்காலமாக ஒரே வீட்டின் மாடியில் குடியிருந்தது. அக்குடும்பத்து மூதாட்டி சாயங்கால வேளைகளில் மாடிப்படியில் உட்கார்ந்து பூத்தொடுப்பாள். கீழ்வீட்டுப் பெண்கள் சூடிக்கொண்டதும் அவள் தொடுத்த சரந்தான். அவள் ஆஸ்பத்திரியில் காலமான அன்று மகன் வராந்தாவில் நின்றபடி வீட்டுக்காரருக்குப் போன் செய்தபோது, "தப்பா நினைச்சுக்காதீங்க தம்பி, நேரா மயானத்துக்கே எடுத்துட்டுப் போயிடுங்களேன்" என்று தயங்கித் தயங்கிப் பதில் வந்தது. தெருமுனையில் ஒரு ஷாமியானா போட்டு அதன் கீழ் ஐஸ் பெட்டியை வைத்தார்கள். அவளைக் குளிப்பாட்டுவதற்கு எதிர்வீட்டார் இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அந்த வீட்டுக்காரரைக் கொடியவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சேமநிதிப் பணமும் வங்கிக் கடனும் சேர்ந்து எழுப்பிய வீடு அது. மாடியிலிருந்து வரும் வாடகையே அவருடைய முதுமைக்கு ஜீவனோபாயம். இழவு விழுந்த வீடு என்று பெயரானால் அடுத்த குடித்தனம் வருமோ என்ற கவலை ஒருபுறம். அவிட்டம் முதல் ரேவதி வரையுள்ள தனிஷ்டா பஞ்சமி நட்சத்திரங்களில் உயிர் பிரிந்தால் அந்த இடத்தை ஆறு மாதம் அடைத்து வைக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்ட பயம் மறுபுறம். பயம் மெய்யானதுதான், ஆனால் அதற்குச் சாஸ்திரத்தைச் சாட்சிக்கு அழைப்பது முறையாகாது.

ஏனெனில், சாஸ்திரம் கூறும் ஆசௌசம் இறந்தவரின் புத்திரரையும் தாயாதிகளையும் தொடர்ந்து செல்வதேயன்றி, அந்தக் கட்டிடத்தின் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று தேடிக்கொண்டு போவதன்று. வீட்டைக் கழுவிச் சுத்தி செய்யவும், உரிய நாளில் புண்ணியாகவாசனம் செய்து மங்களத்தை மீட்டுக்கொள்ளவும் வழி வகுத்த அதே மரபு, அடைப்புக்கும் சாந்தியை விதித்திருக்கிறது. மனிதன் தன் வீட்டில்தான் இறப்பான் என்பதை ஒப்புக்கொண்டு, அதன்பின் செய்ய வேண்டியவற்றை இத்தனை சிரத்தையோடு வகுத்த ஒரு நெறியை, அவனை வீட்டுக்குள் விடாதே என்று சொல்லும் நெறியாகத் திரிப்பது அந்த நெறிக்கே இழைக்கும் அநீதியாகும்.

பெரிய புராணத்தில் வரும் அப்பூதியடிகளின் சரித்திரத்தை இங்கே நினைத்துப் பார்ப்பது தகும். திங்களூரில் அவருடைய இல்லத்துக்கு அப்பர் பெருமான் எழுந்தருளிய நாளில், வாழையிலை அரியச் சென்ற மூத்த மகன் அரவம் தீண்டி இறந்தான். அடியாருக்கு அமுது தடைப்படலாகாதென்று பெற்றோர் உடலை மறைத்து வைத்தனர். உண்மை அறிந்த அப்பர் அவ்வுடலைக் கொண்டுவரச் செய்தது சிவபெருமானுடைய திருக்கோயில் முன்னிலைக்கு. உயிர் மீண்ட அற்புதத்தைப் போற்றும் நாம், அதற்கு முன்னே நடந்ததையும் கருதவேண்டும். பிணத்தை என் சந்நிதிக்குக் கொண்டுவராதே என்று இறைவன் சொல்லவில்லை. அவன் சொல்லாத ஒன்றைச் சொல்ல, மாதம் தவறாமல் வாடகை பெற்றுக்கொண்டவருக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது?

சொந்தம் என்ற எண்ணத்திலிருந்து வந்தது என்பர். வீடு வாங்குமுன் போட்டுப் பார்க்கும் வில்லங்கச் சான்றிதழ் ஒன்றை எடுத்துப் படித்தால், நஞ்சையாய் இருந்த நிலம் மனையாகி, கை மாறிக் கை மாறி, இன்னார் இன்னாருக்குக் கிரயம் செய்தார் என்ற வரிசையில் கடைசியாக நிற்கும் பெயரே நம்முடையது என்பது விளங்கும். உடம்புக்குள் உயிரே ஒண்டுக்குடித்தனம் இருப்பதாகத் திருவள்ளுவர் நிலையாமை அதிகாரத்தில் காட்டியிருக்க, செங்கல்லின்மேல் நாம் கொண்டாடும் ஸ்வாதீனம் எம்மாத்திரம்?

1960-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், குடியிருப்பவருக்குத் தண்ணீரையும் மின்சாரத்தையும் வீட்டுக்காரர் நிறுத்தலாகாது என்கிறது. உயிரோடிருக்கும்வரை ஒருவருக்கு அந்த வீட்டுத் தண்ணீரில் உரிமையுண்டென்று சட்டம் காக்க, அவரை இறுதியாகக் குளிப்பாட்டும் தண்ணீர் எதிர்வீட்டிலிருந்து வரவேண்டியிருப்பது நம் மனச்சாட்சி செய்ய மறந்த காரியத்தையே காட்டுகிறது.

குடியிருப்பவர் எந்த மதத்தவராயினும், எந்த ஜாதியினராயினும், பத்திரம் எழுதும் நாளிலேயே, "இங்கே உங்களுக்கு நல்லதும் நடக்கும், கெட்டதும் நடக்கும், இரண்டுக்கும் நாங்கள் கூட இருப்போம்" என்று வீட்டுக்காரர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த நாள் வரும்போது தாமே முன்வந்து கேட்டைத் திறந்துவிட வேண்டும். அதற்குச் சித்தமில்லாதவர் தம் வீட்டைக் கடைக்கோ கிடங்குக்கோ விடட்டும். மனிதர் குடியிருக்க விடுகிறவர், மனிதருக்கு நேர்வதையெல்லாம் ஏற்றுக்கொண்டே விடவேண்டும்.