தீங்கில்லாத மழை வேண்டுவோம்!

எறும்புகள் முட்டையைச் சுமந்து மேடேறினால், தும்பிகள் தாழப் பறந்தால் மழை வரும் என்பார்கள் நம் பாட்டிமார்.

கடல்நீர் வெயிலில் ஆவியாகி, மேலே குளிர்ந்து மேகமாகிப் பொழிகிறது. ஆண்டாளோ திருப்பாவையின் 4-ஆம் பாசுரத்தில், கடலில் நீர் முகந்த மேகம் பெருமாளின் திருமேனிபோல் கறுத்து, சக்கரம்போல் மின்னி, சங்குபோல் முழங்கக் காண்கிறாள்.

அதற்கு முந்தைய பாசுரத்தில் அவள் கேட்பது தீங்கில்லாத மழையை! அதன் அருமை புதுவை சகோதரிகளுக்குத் தெரியும். 2024 நவம்பர் 30 இரவு கரை கடந்த ஃபெஞ்சல் புயலில், ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டி, வீடுகளில் வெள்ளம் புகுந்ததே!

மார்கழியில் காந்தி வீதி வரதராஜப் பெருமாள் சன்னதியில் இவ்விரு பாசுரங்களையும் சேர்த்துப் பாடுங்கள். வாசல் கால்வாயில் குப்பை கொட்டாதிருப்பதும் பெருமாளுக்கு உகந்த பிரார்த்தனையே!