வரவு செலவு பார்ப்பவர் எந்த ஊரில் இருக்கிறார்?

டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில், ஆறாவது தெருவும் லாமார் சாலையும் சந்திக்கும் இடத்தில் இரண்டு உள்ளூர்க் கடைகள் பேர்பெற்றிருந்தன. ஒன்று புக்பீப்பிள் புத்தகக் கடை, இன்னொன்று வாட்டர்லூ ரெக்கார்ட்ஸ் இசைத்தட்டுக் கடை. அதே முனையில் பார்டர்ஸ் என்ற பெரிய புத்தக நிறுவனம் நகராட்சிச் சலுகையோடு கிளை திறக்கப்போகிறது என்றதும் சர்ச்சை கிளம்பியது. 2002 டிசம்பரில் சிவிக் எகனாமிக்ஸ் என்ற ஆய்வு நிறுவனம் ஒரு கணக்குப் போட்டது. பார்டர்ஸில் 100 டாலருக்கு வாங்கினால் ஊருக்குள் சுற்றிவருவது 13 டாலர். இந்த இரு கடைகளில் வாங்கினால் 45 டாலர்.

இதைப் பணக்கணக்காகவே எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். எனக்கு இதில் படித்தவர்களின் வேலைக்கணக்குதான் முதலில் தெரிகிறது. கல்லாவில் நிற்க இரண்டு இடத்திலும் ஆள் வேண்டும். ஆனால் எந்தப் புத்தகத்தை எத்தனை பிரதி வாங்குவது, விளம்பரம் எப்படி இருக்க வேண்டும், வரவு செலவை யார் பார்ப்பது, ஒப்பந்தத்தை எந்த வழக்கறிஞர் படிப்பது? பார்டர்ஸுக்கு இவை பெரும்பாலும் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் தலைமையகத்தில் முடிந்துவிட்டன. உள்ளூர்க் கடைக்குத் தலைமையகமும் அதே ஊர்தான். புக்பீப்பிளில் ஊழியர் தனக்குப் பிடித்த நாவலைப் பற்றிச் சிறு அட்டையில் நாலு வரி எழுதிப் புத்தகத்தட்டில் செருகிவைப்பார். இலக்கியம் படித்த ஒருவருக்கு அந்தப் படிப்பே அங்கே சோறு போடுகிறது. கடைக்கு வெளியே கணக்காளரும் வடிவமைப்பாளரும் அதே கடையின் வேலையால் ஊரிலேயே தொழில் நடத்தலாம்.

ஆஸ்டினில் பட்டதாரிகள் தங்குவதற்குக் கடைகள் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். அங்கே பெரிய பல்கலைக்கழகம் இருக்கிறது. மாநில அரசு இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழக விடுதியறையில் 1984இல் தொடங்கிய டெல் கணினி நிறுவனம் இருக்கிறது. ஆனால் சிறிய ஊருக்கு டெல் கிடைப்பது அபூர்வம். அங்கே பட்டதாரிக்கு ஏற்ற வேலையைத் தரக்கூடியவற்றில் சொந்தமாக முடிவெடுக்கும் கடைகளுக்குப் பெரிய பங்குண்டு.

பார்டர்ஸின் கதையே இதற்குச் சாட்சி. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்த சகோதரர்கள் 1971இல் ஆன் ஆர்பரில் திறந்த கடை அது. நாடெங்கும் கிளை பரப்பிய பிறகும், படித்தவர்களுக்கான அந்த வேலைகள் பிறந்த ஊரிலேயே குவிந்தன. ஆஸ்டின் முனைத் திட்டத்தை 2003இல் பார்டர்ஸ் கைவிட்டது. 2011இல் நிறுவனமே மூடப்பட்டபோது, கிளைகள் இருந்த ஊர்கள் இழந்தது ஒரு கடையை. ஆன் ஆர்பர் இழந்தது தலைமையகத்தை.